டைனோசருக்கு மலச்சிக்கல் இல்லை

டைனோசர்கள் ஏன் செத்தன என்பதற்கு 1980க்கு முன்பு யாரும் எதையும் சொல்லலாம் என்ற நிலை. புழுக்கள் செடிகொடிகளை மொட்டையடித்துவிட்டன என்றார் ஒருவர். பேதியாக்கும் செடிகள் அழிந்ததால் மலச்சிக்கல் வந்து மாண்டன என்று இன்னொருவர் அச்சிலேயே ஏற்றினார். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய சாவு, யார் வந்து போஸ்ட்மார்ட்டம் செய்யப்போகிறார்கள் என்ற தைரியம்.

இத்தாலியின் குபியோ ஊரில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில் படிந்த ஒரு சென்டிமீட்டர் களிமண் படலம். அதற்குக் கீழே, உருப்பெருக்கியில் பளிச்சென்று தெரியும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் ஏராளம். மேலே, அநேகமாக எல்லாம் காலி. புவியியலாளர் வால்டர் அல்வாரெஸ் அதில் ஒரு துண்டை அப்பாவிடம் காட்டினார். அப்பா லூயிஸ் லேசுப்பட்டவரா? 1968இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். எகிப்தியப் பிரமிடுக்குள் ரகசிய அறை இருக்கிறதா என்று காஸ்மிக் கதிரை வைத்துத் துழாவி, வெறுங்கையோடு திரும்பியவர். அடுத்த துறையில் மூக்கை நுழைப்பதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அந்த மண் படிய எவ்வளவு காலம் ஆனது? இதுதான் அவர்களின் கேள்வி. விண்தூசி பூமியில் சீராக விழுகிறது. அதில் இரிடியம் உண்டு, பூமியின் மேலோட்டிலோ அது மிக அரிது. இரிடியத்தை அளந்தால் காலக்கணக்கு வந்துவிடும். பெர்க்லியில் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்தார்கள். அக்கம்பக்கப் பாறையைவிட சுமார் 30 மடங்கு! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

முதல் சந்தேகம் சூப்பர்நோவா மேல், அதாவது வெடித்துச் சாகும் நட்சத்திரத்தின் மேல். அது வெடித்திருந்தால் புளூட்டோனியம்-244 வந்து விழுந்திருக்க வேண்டும். பூமி பிறக்கும்போதே இருந்த சரக்கு எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது. தேடினார்கள். இருந்தது! ஒரே குதூகலம். எதற்கும் இன்னொரு தரம் பாருங்கள் என்றது நிதானமான ஒரு தலை. இரண்டாம் தடவை மருந்துக்கும் இல்லை. முதலில் சிக்கியது வேறெங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட அழுக்கு. நட்சத்திரம் விடுதலையானது. 1980இல் 'சயன்ஸ்' இதழில் விண்கல்லைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்கள்.

தொல்லுயிரியலாளர்கள் கொதித்தார்கள். லூயிஸ் அவர்களைத் தபால்தலை சேகரிப்பவர்கள் என்று கிண்டலடித்தார். சமாதானம் பேசும் உத்தேசம் அவருக்கு இல்லை. எதிர்த்தரப்பிடமும் சரக்கு இருந்தது. இந்தியாவின் தக்காண எரிமலைகள் அதே காலத்தில் கக்கிக்கொண்டிருந்தன. பூமியின் அடிவயிற்றிலிருந்து இரிடியம் அந்த வழியாக வந்திருக்காதா?

1983இல் அதே காலக் களிமண்ணின் ஆஸ்மியம் ஐசோடோப்பு விகிதத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். மேலோட்டுச் சரக்கு இல்லை என்று உறுதியாகச் சொன்னது. விண்கல்லா, பூமியின் ஆழமா என்று கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டியது. இப்படியும் ஒரு சாட்சி. லூயிஸ் 1988இல் காலமானார். மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம்தான் சம்பவ இடம் என்ற கட்டுரை 1991இல் வந்தது. 1998இல் வந்த குரோமியம் மழுப்பவில்லை. பூமிப் பாறைகளில் குரோமியம்-53இன் விகிதம் ஒன்றேதான். டென்மார்க்கிலும் ஸ்பெயினிலும் உள்ள அதே காலக் களிமண்ணில் அது மாறியிருந்தது. 2024இல் ருத்தேனியம், ஆசாமியின் பூர்வீகத்தையே சொல்லிவிட்டது: வியாழனுக்கு அப்பால் உருவான கார்பன் வகைச் சிறுகோள்.

இடையில், பழைய சாவுகள் எல்லாவற்றையும் விண்கல் தலையில் கட்டும் மோகமும் கிளம்பியது. 25 கோடி ஆண்டுக்கு முந்தைய பெர்மியன் அழிவுக்கு 2001இல் ஹீலியம் ஐசோடோப்பைச் சாட்சிக்கு அழைத்துவந்தார்கள். மற்றவர்கள் அளந்தபோது அந்த ஹீலியம் ஆஜராகவே இல்லை. அந்த வழக்கில் இன்று முதல் எதிரி சைபீரிய எரிமலைகள். ஐந்து பெரும் அழிவுகளில் விண்கல் வசமாக மாட்டிக்கொண்டது டைனோசர் வழக்கு ஒன்றில்தான்.