மண்ணுக்குப் பதில் நான்

மண் இருக்கிறதே, அது ஒருநாளும் தன் வேலையைச் சொல்லிக் காட்டியதில்லை. விதையைத் தூவினோம், தண்ணீர் தெளித்தோம், கீரை வந்தது. சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று அது யாரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அந்த மண்ணை வேலையை விட்டு நீக்கிவிட்டு, அதன் பதவியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் நடக்கிறது என்றால் அர்த்தம் இதுதான்.

சாமான்கள் அதிகமில்லை. வெள்ளை பி.வி.சி. குழாயில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு வலைக் கப், கப்பில் சுட்ட களிமண் உருண்டைகள். கீழே மூடி போட்ட 100 லிட்டர் டிரம், அதற்குள் மீன் தொட்டிக் கடையில் வாங்கிய பம்ப். சத்துத் தண்ணீர் மேலேறி, வேர்களை நனைத்துக்கொண்டே ஓடி, திரும்ப டிரம்மிலேயே விழும். 1930-களில் கலிஃபோர்னியாவில் கெரிக் என்ற விஞ்ஞானி இப்படி மண்ணில்லாமல் தக்காளி வளர்த்தார். கொடி 25 அடிவரை போய்விட, ஏணி வைத்து ஏறினார். அவர் ஏணியில் நிற்கும் படத்தைப் பார்த்த உற்சாகத்தில் நானும் ஓர் ஏணி வாங்கினேன். என் பாலக் அரையடி உயரம். ஏணி பரண் ஏறப் பயன்படுகிறது.

உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். ஏ-யில் கால்சியம் நைட்ரேட். பி-யில் சல்பேட், பாஸ்பேட் வகையறா. கெட்டிக் கரைசலாக இருக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் கால்சியமும் சல்பேட்டும் கட்டிப் பிடித்து, ஜிப்சமாகி, அடியில் போய் உட்கார்ந்துவிடும், செடி பட்டினி. அதனால் டிரம் நிறையத் தண்ணீர், அதில் முதலில் ஒன்று, நன்றாகக் கலக்கி ஆறப்போட்ட பிறகு இன்னொன்று. எங்கள் வீட்டு விசேஷங்களில் இரண்டு சித்தப்பாக்களைப் பந்தியில் உட்கார வைப்பதும் இந்த முறையில்தான்.

போர் தண்ணீர் ஆகாது. உரம் விழும் முன்பே டி.டி.எஸ். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே பாத்திரம் தேய்க்க போர் தண்ணீர், கீரைக்கு ஆர்.ஓ. தண்ணீர். வீட்டு வேலைக்கு வரும் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "எங்க தெருவுல மனுசங்களுக்கே இது வரலை சார்" என்றார். அதற்கு எந்த மீட்டரிலும் பதில் இல்லை.

பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அது நிற்காது. செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்ச மேலே ஏறும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் பாஸ்பாரிக் அமிலம் எடுத்து விட்டு இறக்க வேண்டும். பி.எச். மீட்டருக்கும் உபசாரம் உண்டு. அதன் கண்ணாடி முனை காயக் கூடாது. அவ்வப்போது அளவு தெரிந்த கரைசலில் முக்கி, அது உண்மைதான் பேசுகிறதா என்று விசாரிக்கவும் வேண்டும்.

சித்திரை வந்தால் வேறு கதை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பித்தியம் என்ற அழுகல் நோய்க் கிருமி நுழையும். வெள்ளை வேர் பழுப்பாகிவிடும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வரும், நடுவில் நூல் மட்டும் தொங்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம், ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டில்களை டிரம்மில் மிதக்க விடுவது. விளைவு, ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்துக்கு ஃப்ரீசரில் இடமில்லை. "கீரைக்கு ஒரு ஏ.சி. போட்டுட்டா மீன் வைக்க இடம் கிடைக்குமே" என்றாள் மனைவி. கேலியாகத்தான் சொன்னாள். அதற்குள் நான் விலை விசாரித்துவிட்டேன்.

பறித்துக் கொடுத்தால் உறவினர்கள் ஆசையாக, "ஆர்கானிக்தானே?" என்பார்கள். மண்ணே கிடையாது, முழுக்க முழுக்க உப்பு என்று சொன்னால் வாய்வரை போன இலை மெதுவாகத் தட்டுக்குத் திரும்பும்.

ஊருக்குப் போவதுதான் பெரும்பாடு. கரண்ட் போய் பம்ப் நின்றால், வெயிலில் அந்த வேர்கள் சில மணி நேரம்கூடத் தாங்காது. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பக்கத்து ஃபிளாட் சாரிடம் சாவி, மீட்டர், சிரிஞ்ச், இரண்டு பக்கக் குறிப்பு எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஓய்வுபெற்ற ஆடிட்டர், எண் இடித்தால் விட மாட்டார். சரியாக முகூர்த்த நேரத்தில் போன் வந்தது. மேளச் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருந்தது.

"6.8 காட்டுதா? கொஞ்சம் ஜாஸ்திதான் சார். சிரிஞ்சுல ரெண்டு மில்லி ஏத்தி விட்டுட்டு, அரை மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க."

கையில் அட்சதையோடு நின்ற பெரியம்மா திரும்பினார்.

"யாருக்குடா, உன் மாமனாருக்கா? 6.8-க்கே ஊசியா? மொதல்ல ராத்திரி சாதத்தை நிறுத்தச் சொல்லு!"

பெரியம்மாவின் குரல் மேளத்தையும் தாண்டும். போனில் சிறிது நேரம் பேச்சில்லை.

"தம்பி, ராத்திரி நிறுத்தணும்னு உங்க குறிப்புல இல்லையே. எதை நிறுத்தணும், பம்பையா?"