எஸ்எஸ்டி போட்டால் பறக்கும்

தம் கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டிய நாள்முதல், உறவினர் வீட்டுக் கணினிகள் மெதுவாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனவரே எஸ்எஸ்டி அன்பர். இவரைப் பழுதுபார்ப்பவருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழுதுபார்ப்பவர் காசு வாங்குவார், பேசமாட்டார். அன்பர் காசு வாங்கமாட்டார். குடும்பத்துக்கு ஒருவர் தப்பாமல் இருப்பார். பெரும்பாலும் பொறியியல் படித்தவர். படித்த பிரிவு சிவிலாகவும் இருக்கலாம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. தோள்பையில் சிறிய ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு யுஎஸ்பி-சாட்டா கேபிள், விண்டோஸ் ஏற்றிய பென் டிரைவ் ஆகிய மூன்றும் எப்போதும் இருக்கும். சீமந்தத்துக்கு வந்தாலும் அந்தப் பை கூடவே வரும். மற்றவர்கள் சமையலறையிலிருந்து வரும் வாசனையை மோப்பம் பிடிக்கும் நேரத்தில், இவர் காதில் விழுவது மூலையில் கிடக்கும் கணினியின் கரகர சத்தம்தான். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி ஏதேனும் பீரோ மேல் தூசியடைந்து கிடந்தால், அதை இறக்காமல் பந்தியில் உட்காரமாட்டார்.

அடுத்தது பரிசோதனை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். 'டிஸ்க்' என்ற பத்தியில் 100% என்று நிற்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டும் டாக்டரைப்போலத் திரையை வீட்டுக்காரர் பக்கம் திருப்பிவைத்து, சற்று நேரம் எதுவும் பேசமாட்டார். பிறகுதான் அந்த வாக்கியம் வரும்:

"பெரியப்பா, ஒரு எஸ்எஸ்டி போட்டா பறக்கும்."

பெரியப்பாவுக்குக் கணினி பறக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் அது தயாராக இருக்கும் என்ற ஏற்பாட்டில் ஏழெட்டு வருடமாகச் சிக்கலின்றி வாழ்ந்துவருகிறார். ஆயினும் ஏன் என்று கேட்டுவிடுவார். கேட்டது தப்பு.

அன்பரின் விளக்கம் 1956-இல் தொடங்கும். அந்த ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் இருந்த வட்டு அமைப்புதான் ஹார்ட் டிஸ்க் வம்சத்தின் முதல் ஆள். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன் அளவு. கொள்ளளவு 5 எம்பிக்கும் குறைவு. இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே சரியாகப்போகும். அதன் பிறகு தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருத்தது. சுற்றுவது மட்டும் மாறவில்லை. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் சுழன்று வரும்வரை, தகவலைப் படிக்கும் ஹெட் காத்திருக்க வேண்டும். ஹெட்டும் இடம்விட்டு இடம் நகர வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களில் வினாடிக்கு நூறுக்கும் குறைவான துண்டுகளைத்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து உட்காரவோ ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள் தேவை. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை, எல்லாம் சிப். அதனால் வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். அந்தச் சிப்புக்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் டோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா. அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்குள் அன்பர் நுழைவதற்குள் பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்.

கொள்முதல் கட்டத்தில்தான் முதல் மோதல். பழைய டிஸ்க் 1000 ஜிபி. அன்பர் வாங்கச் சொல்வது 500 ஜிபி. "பாதி இடம், அதுக்குக் காசு வேறயா?" என்று பெரியப்பா கேட்பது முற்றிலும் நியாயமானது. உள்ளே இருப்பது மொத்தமே 180 ஜிபிதான் என்று அன்பர் திறந்து காட்டுவார். அதிலும் பெரும்பங்கு 'கல்யாணம்', 'கல்யாணம் நியூ', 'கல்யாணம் ஒரிஜினல்', 'கல்யாணம் ஒரிஜினல் டெலீட் பண்ணாதே' என்ற நான்கு ஃபோல்டர்கள். நான்கிலும் இருப்பது ஒரே கல்யாணம். இதற்கிடையே மூத்த மருமகன், 16 டிபி எஸ்எஸ்டி வெறும் இரண்டாயிரம் ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புவார். அந்த மாதிரிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே மெமரி கார்டுதான் இருக்கும் என்று அன்பர் சொல்வார். மருமகன் அன்றிலிருந்து அவரோடு சரியாகப் பேசமாட்டார்.

வகை தெரிந்து வாங்குவதில் அன்பர் கெட்டிக்காரர். பழைய மடிக்கணினி என்றால் இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். வினாடிக்கு 550 எம்பி வரை வாசிக்கும். கொஞ்சம் புதிய கணினி என்றால் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2. அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. முனையில் உள்ள வெட்டுப் பள்ளம் பொருந்தினாலும் கணினி ஏற்காமல் போகலாம். இத்தனை தெரிந்தவர் வீட்டிலிருந்தே ஆர்டர் போடலாமே என்றால் போடமாட்டார். சென்னைவாசியாக இருந்தால் ரிச்சி தெருவுக்குத்தான் போவார். நூறு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு, ஆட்டோவுக்கு முந்நூறு கொடுத்துத் திரும்புவார்.

மாற்றும் முறையில் அன்பர்கள் இரண்டு கட்சி. பழையதை அப்படியே நகலெடுக்கும் குளோனிங் கட்சி ஒன்று. எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும் ஃபிரெஷ் இன்ஸ்டால் கட்சி மற்றொன்று. ஒரே கல்யாண வீட்டில் இரு கட்சிக்காரர்களும் சந்தித்தால் தாலி கட்டியதைக்கூடக் கவனிக்கமாட்டார்கள். உறவினர் வீடுகளில் குளோனிங்தான் செல்லுபடியாகும். டெஸ்க்டாப்பில் ஐகான்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் ஒரே நிபந்தனை. எந்தக் கட்சியானாலும் முதலில் முக்கியமானவற்றுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்துவைப்பார்கள். நகலெடுக்கும் மென்பொருளில், எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு கேள்வி வரும். அதை மாற்றிச் சொல்லிவிட்டால் காலி எஸ்எஸ்டியின் வெறுமை கல்யாணத்தின் மேல் பதிந்துவிடும். நான்கு பிரதிகளும் போய்விடும். அன்பர் பேச்சை நிறுத்தும் ஒரே இடம் இதுதான்.

எஸ்எஸ்டியைக் கேபிளில் மாட்டி, கைக்கு எட்டிய யுஎஸ்பி துளையில் செருகுவார். கருப்பாக இருப்பது பெரும்பாலும் பழைய யுஎஸ்பி 2. அதில் 180 ஜிபி நகர ஒன்றரை மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே நீல நிறத்தில் வேகமான துளை இருந்ததைப் பாதியில்தான் பார்ப்பார். பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டார்.

நகல் முடிந்ததும் அடிமூடியைக் கழற்றுவார். திருகாணிகளை ஒரு தாளில் வரைந்த படத்தின் மேல் இடம் பிசகாமல் அடுக்குவார். காரணம் உண்டு: எல்லாம் ஒரே நீளம் அல்ல, குட்டைத் திருகாணியின் இடத்தில் நெட்டையைப் போட்டு இறுக்கினால் மேலே விசைப்பலகை புடைத்துக்கொள்ளும். எல்லாம் கழன்ற பிறகும் மூடி வரவில்லை என்றால், ரப்பர் காலுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். இந்த நேரம் பார்த்து மின்விசிறியைப் போட ஒரு குழந்தை வரும்.

எஸ்எஸ்டியை மாட்டி மூடியபின் சுவிட்ச். கருப்புத் திரை; வெள்ளை எழுத்தில் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்ற செய்தி. அறையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "நல்லாத்தானேடா ஓடிட்டிருந்துச்சு" என்பார் பெரியம்மா. "இது எதிர்பார்த்ததுதான் பெரியம்மா" என்பார் அன்பர், நெற்றியைத் துடைத்தபடி. விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸுக்குள் போய் எதிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசையை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் நகலெடுத்தபோது பூட் பகுதி விடுபட்டிருக்கும். இரவுச் சாப்பாடும் அங்கேதான்.

கடைசியில் விண்டோஸ் வரும். முன்பு இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது இப்போது இருபது வினாடிக்குள். இந்த இருபது வினாடிக்காகத்தான் அன்பர் வாழ்கிறார். செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டுவார். மாடியில் இருப்பவர்களைக் கூப்பிட்டு இன்னொரு முறை. "அதான் வந்துடுச்சேப்பா, எதுக்குத் திரும்பத் திரும்ப அணைக்கிறே?" என்று பெரியம்மா கேட்கும்வரை இது நடக்கும்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் பார்ப்பார். "500 வாங்கினோம், 465-ன்னு காட்டுதே. மிச்சம் 35 எங்கே?" தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, இடம் எங்கும் போகவில்லை என்பது சரியான பதில். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது பெரியப்பாவின் முடிவு. அடுத்து ரயில் டிக்கெட் இணையதளத்தைத் திறப்பார். அது எப்போதும்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். "பறக்கும்னு சொன்னியே?" எஸ்எஸ்டி கணினிக்குள் இருப்பதைத்தான் வேகமாக்கும்; இணையம், பிரிண்டர், அரசு அலுவலகம் ஆகியவற்றின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

விடைபெறும்போது சில அறிவுரைகள் உண்டு. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்யக் கூடாது. சிதறலால் எஸ்எஸ்டிக்கு வேகம் குறைவதில்லை, வீண் தேய்மானம்தான் மிச்சம். முழுவதும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பல நேரம் சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்எஸ்டி சொல்லாமல் போய்விடும். ஆகவே தனிப் பிரதி அவசியம். எத்தனை நாள் உழைக்கும் என்ற கேள்விக்குக் கணக்கு வைத்திருப்பார்: பல 500 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு தருகிறார், தினம் 30 ஜிபி எழுதினாலும் 27 வருடம் வரும். "எனக்கு இப்பவே எழுபத்தொண்ணு" என்பார் பெரியப்பா.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உறை வாங்கி மாட்டினால் வெளிச்சேமிப்பாகும் என்று சொல்லி அன்பர் எடுத்துப்போவார். அது திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. அவர் மேசை இழுப்பறையில் சித்தப்பா, அத்தை, மச்சான் என்று பெயர் ஒட்டிய டிஸ்க்குகள் அடுக்காக இருக்கும். வம்சத்தின் மொத்தக் கல்யாணங்களும் அங்கேதான் பத்திரமாக உள்ளன, அவரே மறந்துவிட்டார்.

இந்த இனம் இப்போது அருகிவருகிறது. புதிய மடிக்கணினிகள் எஸ்எஸ்டியோடே வருவதால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அன்பர் பறக்கவைத்த பழைய கணினிகளில் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதும் இல்லை. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எனவே அவர் மீண்டும் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்த முறை வாக்கியம் வேறு: "லினக்ஸ் போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்." லினக்ஸ் அன்பர் வேறு இனம், அவரைத் தனித் தலைப்பில் காண்க.