மேட்டிங்கைத் தூக்கிப் பாரும், மருமகனே!

வாரும் மருமகனே. பழைய மாருதி 800 ஒண்ணு வாங்கிட்டீராமே! புது சீட் கவர், ஸ்டியரிங்குக்கு உறை, பின் கண்ணாடியில ‘இசக்கியம்மன் துணை’. எல்லாம் ஜோரு. பிரேக்கு பிடிக்குதான்னு கேட்டா மட்டும் தலையைச் சொறியுதீரு. பிரேக் இல்லாத வண்டியில அம்மனே ஏற யோசிப்பாளே வே!

1983 டிசம்பர்ல முதல் மாருதி 800-க்குச் சாவி கொடுத்தாங்க. 2014-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ஆக, எவ்வளவு இளசா வாங்கினாலும் அது பத்து வயசைத் தாண்டின வண்டிதான். உம்ம மீட்டர் என்னமோ நாப்பதாயிரம்னு காட்டுது. பிரேக் பெடல் ரப்பரைப் பாத்தீரா? வரி பூரா தேஞ்சு வழவழன்னு கிடக்கு. மீட்டரைத் திருப்பின மகராசனுக்கு ரப்பரைத் திருப்பத் தெரியல, பாவம்.

உள்ள ஏதோ வாடை வருதுன்னு சென்ட் பாட்டில் வாங்கித் தொங்கவிட்டிருக்கீரு. வாடை உம்ம காலுக்கடியிலல்லா இருக்கு! மேட்டிங்கைத் தூக்கிப் பாரும். பஞ்சு ஈரமா இருக்கும், தகடு துரு பிடிச்சிருக்கும். மழைத்தண்ணி கண்ணாடி ஓரமாக் கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். அது வெளிய போகத்தான் கதவோட அடிவிளிம்புல சின்னச் சின்ன ஓட்டை வச்சிருக்கான். உள்பக்கம் வராம இருக்க, டோர் பேடுக்குப் பின்னால பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருக்கான். என்னைக்கோ கண்ணாடி இறங்கலைன்னு பேடைக் கழட்டின புண்ணியவான், “இது எதுக்கு?”ன்னு தாளைக் கிழிச்சுத் தூரப் போட்டிருப்பான். அடி ஓட்டையைப் பெயிண்டடிச்சு அடைச்சிருப்பான். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினதுல கிளிப்பு பாதி ஒடிஞ்சிருக்கும். பேடு கடகடங்குறது அதனாலதான்.

இதுக்குச் சென்ட் என்ன செய்யும்? ஒரு கம்பியை எடுத்து ஓட்டையைக் குத்திவிடும். கெட்டி பிளாஸ்டிக் தாளை வெட்டி, ஓரம் இடைவெளி இல்லாம ஒட்டும். கிளிப்பைப் புதுசாப் போடும். தகட்டுத் துருவைச் சுரண்டி பிரைமர் அடிச்சு, பஞ்சையும் மேட்டிங்கையும் நல்லா காயவச்சுப் பிறகு விரியும். அவசரப்பட்டு ஈரத்து மேலயே புது மேட்டிங் போட்டீருன்னா, துருவுக்குப் போர்வை போத்திவிட்ட புண்ணியம் உமக்குத்தான்.

அடுத்தது ரேடியேட்டர். கூலன்ட் விலை கூடுதல்னு போர்த் தண்ணியை ஊத்துதீராமே? நம்ம ஊரு உப்புத்தண்ணி உள்ள படிஞ்சு வழியை அடைச்சிரும். இன்ஜின் கொதிக்கும், ஹெட்டு வளையும், கேஸ்கட் போகும். ஆயில் மூடியைத் திறந்து பாரும். அடியில மோர் மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருந்தா, தண்ணி ஆயிலோட சேந்திருக்கலாம், உடனே மெக்கானிக்கிட்ட காட்டிரும். இன்னொண்ணு, சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்திராதேயும். உம்ம அழகான மூஞ்சி வெந்து போவும்.

பிரேக் ஆயில் குறைஞ்சா இன்ஜின் ஆயிலை ஊத்துத வீரனும் நம்ம ஊருல உண்டு. அது உள்ள இருக்க ரப்பரை ஊதவச்சு, பிரேக்கையே காலி பண்ணிரும். சரியான பிரேக் ஆயில்கூட காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். அப்புறம் அந்தப் பாட்டுப்பெட்டி. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு கம்பியைச் சுத்தி வச்சிருக்கீரு. ஃபியூஸ் போறது உம்மைக் காப்பாத்தவே வே! கம்பி போகாது, அதுக்குப் பதிலா வயர் எரியும், வயரோட சேந்து நீரும் எரிவீரு.

பழைய வண்டிக்காரன் காசைச் செலவழிக்க ஒரு வரிசை இருக்கு. முதல்ல பிரேக்கும் டயரும், அடுத்து கூலன்ட், ஆயில், அதுக்கப்புறம் கசிவும் துருவும், கடைசியிலதான் மினுக்கு. நீரு வாலைப் பிடிச்சு ஆரம்பிச்சிருக்கீரு. மத்ததை முடிச்சுட்டு வந்து கூப்பிடும், ஏறுதேன். அதுவரைக்கும் எனக்கு டவுன் பஸ்ஸே போதும்.