புலிக்கும் அடுப்பு கிடையாது

மாதேஸ்வரன் மலையில் சமைக்காத சாப்பாட்டை விடாமல் கடைப்பிடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாதேஸ்வரனின் வாகனமான புலி. அவர் சைவம் இல்லை. இன்னொருவர் யானை. சுத்த சைவம், சுத்தப் பச்சை. ஆனால் அந்தக் கொள்கையைக் காப்பாற்ற ஒரு நாளைக்கு 150 கிலோ தழையும் பட்டையும் வேண்டும். பதினாறு மணி நேரமாவது மென்றுகொண்டே நிற்க வேண்டும். வேறு உத்தியோகம் பார்க்க முடியாது.

மூன்றாவதாகச் சேர மனுப் போட்டவர் என் மாமா.

மாமாவுக்கு உத்தியோகம் பார்க்கவேண்டிய தொல்லை இல்லை. மேட்டூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். சர்க்கரை கொஞ்சம், ரத்த அழுத்தம் கொஞ்சம், படித்த புத்தகங்கள் நிறைய. ஒரு நாள் காலை அத்தை இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சபதம் செய்தார்: "இன்னைலேர்ந்து ஒரு மண்டலம் நெருப்புல வெந்ததைத் தொடமாட்டேன்." சபதத்தைச் சாமியிடம் பதிவு செய்துவிட்டு வரப் பத்தாம் நாள் மலைக்குக் கிளம்பினார். துணைக்கு நான். மடியில் எவர்சில்வர் தூக்குப்போசி. அதற்குள் முளைகட்டிய பச்சைப்பயறு, தேங்காய்த் துருவல், பேரீச்சை.

கொளத்தூர் தாண்டி, பாலாற்றில் சோதனைச்சாவடி தாண்டி, பஸ் மலையேறத் தொடங்கியது. இந்த மலை 1956 வரை நம் கோயம்புத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூருக்குப் போனது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. மலை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சேலம், ஈரோடு, தர்மபுரிக்காரர்களும் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

முதல் கொண்டை ஊசி வளைவில் மாமா வாயைத் திறந்தார். "காந்தியே பச்சையாத்தான் சாப்பிட்டாரு, தெரியுமா மாப்ளே?"

தெரியும். மிச்சக் கதையும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

காந்தியின் சாப்பாட்டுக் கதை ஒரு ஆட்டில் தொடங்குகிறது. ராஜ்கோட்டில் பையனாக இருந்தபோது, 'வெள்ளைக்காரன் கறி தின்பதால்தான் நம்மை ஆள்கிறான்' என்று ஒரு சிநேகிதன் ஓதினான். தேச விடுதலைக்கு இதைவிடச் சுருக்கு வழி ஏது? ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து ஆட்டுக்கறியை வாயில் போட்டார். தோல்போல இருந்தது, இறங்கவில்லை. அன்று இரவு வயிற்றுக்குள் உயிரோடு ஒரு ஆடு கத்துவதுபோல இருந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஆடு அதோடு அவரை விட்டுவிடவில்லை. பின்னால் வரும்.

1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போகுமுன் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். அங்கே போனால் வீட்டுக்காரம்மாள் போட்ட உப்புச்சப்பில்லாத அவித்த கீரையும் ரொட்டியும் அரைவயிற்றுக்குக்கூடக் காணவில்லை. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகம் தேடினார். ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று அகப்பட்டது. வாசலில் சைவத்துக்காக வாதாடி ஹென்றி சால்ட் எழுதிய புத்தகம், விலை ஒரு ஷில்லிங். வாங்கிக்கொண்டு உள்ளே போய், இங்கிலாந்து வந்த பிறகு முதல் தடவையாக வயிறார உண்டார். அதுவரை அம்மாவுக்காகச் சைவம். அன்றிலிருந்து தனக்காகச் சைவம்.

அங்கேதான் ஆர்னால்ட் ஹில்ஸ் குறுக்கே வருகிறார். லண்டன் சைவ சங்கத்தின் தலைவர். நெருப்பு பட்டால் உணவின் உயிர்ச்சத்து செத்துவிடும், அதனால் பச்சையாக உண்க என்பது அவர் வேதம். இந்த மனிதரின் தொழில் என்ன தெரியுமா? தேம்ஸ் இரும்பாலையின் முதலாளி. போர்க்கப்பலுக்கு இரும்பு உருக்கும் உலைகளுக்குச் சொந்தக்காரர், அவரைக்காய்க்கு மட்டும் நெருப்பு ஆகாது என்றார். அவர் ஆலையில் 1895-இல் தொடங்கிய கால்பந்துக் குழுதான் பிறகு வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆனது. பச்சைக் காய்கறிக் கொள்கை மங்கிவிட்டது, பந்து இன்றும் உருள்கிறது.

1893-இல் காந்தி தென்னாப்பிரிக்காவில். ஜூன் மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து வெளியே தள்ளினார்கள். அந்த அவமானமெல்லாம் ஒரு மனிதனுக்குப் போதாதா? ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிரிட்டோரியாவில் ஹில்ஸின் 'உயிருணவு' சோதனையைத் தன்மேலேயே தொடங்கினார். முதல் நாள் காலைப் பட்டியலை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்: ஊறவைத்த கோதுமை 2 மேசைக்கரண்டி, பட்டாணி 1, அரிசி 1, உலர்திராட்சை 2, சிறு கொட்டைகள் சுமார் 20, ஆரஞ்சு 2, ஒரு கோப்பை கோகோ. கோகோ எப்படிச் சுடாமல் வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. மென்று முடிக்க 45 நிமிஷம். காலையில் சுறுசுறுப்பு; மாலையில் சோர்வும் லேசான தலைவலியும். அன்று ராத்திரி வழக்கம்போல ரொட்டி, காய்கறி. புரட்சி முதல் நாள் ராத்திரியே ஓய்வெடுத்துக்கொண்டது. சோதனை மொத்தமும் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் லண்டன் சைவப் பத்திரிகைக்கே எழுதி அனுப்பினார். தோற்ற சோதனையைத் தானே அச்சேற்றும் இந்தக் குணத்துக்காகத்தான் அவரை மகாத்மா என்கிறார்கள் என்பது என் கட்சி.

"பாதியிலேயே விட்டுட்டாரா?" என்றார் மாமா. குரலில் கொஞ்சம் இறக்கம்.

"அந்தத் தடவை விட்டாருங்க மாமா. மறுபடியும் வருவாரு."

1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலையும் விட்டார். கல்கத்தாவில் பால் கறக்க மாட்டையும் எருமையையும் படுத்தும் பாட்டைப் படித்திருந்தார். 1918-இல் கேடா ஜில்லாவில் அகிம்சையின் தூதர் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கக் கிளம்பினார். சாப்பாடு நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். வயிறு கெட்டது. அப்போது ஒரு பண்டிகை. இன்று எனக்கு எதுவும் வேண்டாம் என்று கஸ்தூரிபாவிடம் சொல்லியிருந்தார். அவரோ நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு, கோதுமையில் இனிப்புக் கஞ்சி கிண்டி, ஒரு கிண்ணம் பாசிப்பயறும் எடுத்து வைத்துவிட்டார். நாக்கு ஜெயித்தது, வயிறு தோற்றது. சீதபேதியில் விழுந்தவர், செத்துப்போவோம் என்றே நினைக்கும் அளவுக்கு ஆனார்.

டாக்டர் தலால் வந்தார். பால் குடித்தாலொழிய உடம்பு தேறாது என்றார். விரதம் என்றார் காந்தி. ஏன் விரதம் என்று டாக்டர் கேட்க, மாடும் எருமையும் படும் பாட்டை இவர் விளக்க, கட்டிலருகே நின்ற கஸ்தூரிபா ஒரே வரியில் வழக்கை முடித்தார்: அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு உங்களுக்குத் தடை இருக்க முடியாதே!

பாரிஸ்டர் வாயடைத்துப் போனார். விரதத்தின் எழுத்து பிழைத்தது, உயிர் போயிற்று என்று கடைசிவரை மனம் குத்தியது அவருக்கு. ஆனாலும் குடித்தார். வயிற்றுக்குள் அன்று கத்திய ஆடு, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துப் பாலோடு வந்து கடனைத் தீர்த்தது.

திருந்தினாரா? 1927-இல் உடம்பு படுத்து, மைசூர் சமஸ்தானத்து நந்தி மலையில் மகாராஜாவின் விருந்தாளியாக ஓய்வெடுத்தார். அப்படியும் திருந்தவில்லை. 1929-இல் ஆந்திரச் சுற்றுப்பயணத்தில், ராஜமகேந்திரவரத்தில் கோபாலராவ் என்ற பச்சை உணவுக்காரரைச் சந்தித்தார். பழைய ஆசை முளைகட்டிவிட்டது. ஆசிரமத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு முளைவிட்ட கோதுமை, இடித்த பாதாம், பச்சைக் கீரை என்று மறுபடி இறங்கினார். அதே ஆண்டிலேயே சீதபேதி. திரும்ப ஆட்டுத் தயிர். அதையும் 'யங் இந்தியா'வில் ஒளிக்காமல் எழுதினார்.

மாமா தூக்குப்போசியைத் திறந்து ஒரு பிடி பயறை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். மூன்று வளைவு ஆகியும் விழுங்கின பாடில்லை.

சரி, மகாத்மா நகரத்து ஆள். காட்டுச் சாமி என்ன சொல்கிறார்? கன்னடத்தில் கம்சாளைத் தாளம் தட்டிப் பாடுகிறவர்கள் மாதேஸ்வரன் கதையை விடிய விடியப் பாடுவார்கள். அதில் இளவயது மாதேஸ்வரன் சுத்தூர் மடத்தில் போய் நிற்க, மடத்தில் கொடுத்த வேலை ராகி அரைப்பது. புலிமேல் ஏறப்போகிற சாமிக்கே முதல் உத்தியோகம் அடுக்களையை ஒட்டித்தான். ராகியை ஊறவைத்து மென்றுகொள்ளுங்கள் என்று அவர் யாருக்கும் உபதேசித்ததாகத் தெரியவில்லை. மாவு அரைத்தார்; மாவு களியானது.

மலைக்காட்டுப் பழங்குடிகளான சோளிகர்கள் தங்களைக் காரையனின் வழியில் வந்தவர்கள் என்பார்கள். மாதேஸ்வரனின் பிள்ளைகளாக வந்த அண்ணன் தம்பிகள் காரையன், பில்லையன். ஒரு கதையில் பில்லையன் லிங்கம் கட்டிக்கொண்டான். காரையன் கறி தின்று காட்டோடு போனான். சைவ, அசைவச் சண்டை இந்த மலையில் சாமி வீட்டுக்குள்ளேயே நடந்து, பாகப்பிரிவினையும் ஆகிவிட்டது. நாம் புதிதாகத் தொடங்க ஒன்றுமில்லை.

அந்தச் சோளிகர்கள் கையில் காடே இருந்தது: தேன், நெல்லிக்காய், கீரை, கிழங்கு. தேனையும் நெல்லியையும் அப்படியே தின்றார்கள். கிழங்கை அவித்தார்கள், சுட்டார்கள். காட்டு வள்ளிக்கிழங்கில் பலவற்றைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிக்கும், தொண்டை கமறும், சிலது விஷம். மலைக்குக் கீழே நம் சேலத்து மரவள்ளியும் அப்படித்தான்; பச்சையாகத் தின்றால் வயிற்றுக்குள் சயனைடு கிளம்பும். ஆடு மாடு தின்று விழுந்த கதை அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் தெரியும். சிம்பன்ஸிக் குரங்கு பச்சையாகத் தின்பதை மெல்லவே நாளில் ஐந்தாறு மணி நேரம் செலவழிக்கிறது. மனிதன் அந்த வேலையைப் பானையிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் சாமி, சண்டை, பாட்டு, பஸ் எல்லாம் கண்டுபிடித்தான்.

வெள்ளைக்காரர்களும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியின் கீசன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நீண்டகாலமாகப் பெரும்பாலும் பச்சை உணவு உண்ட 500-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரியாகப் பத்துக் கிலோவும், பெண்கள் பன்னிரண்டு கிலோவும் இளைத்திருந்தார்கள். அதுவரை மாமாவுக்குச் சாதகம். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தாறுமாறாகவோ அடியோடு நின்றோ போயிருந்தது. உடம்பு அதைப் பஞ்சம் என்றே கணக்கில் எழுதிக்கொண்டது.

இதற்காக வடையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. இட்லியைக் குறைத்து, கீரையும் காயும் பழமும் கூட்டினால் சர்க்கரைக்காரருக்கு நல்லதுதான். மாமா சபதம் போட்ட இரண்டாவது வாரத்தில் அவர் உடம்பு லேசானது உண்மை. அந்த லேசுக்கு நெருப்பை விட்டது காரணமா, மூன்று வேளை முறுக்கை விட்டது காரணமா என்று நான் கேட்டேன். பதில் இல்லை.

மலையில் சாமி கும்பிட்டோம். தாசோகம் என்ற அன்னதானத்தில் சுடச்சுடச் சோறும் சாம்பாரும் போட்டார்கள். நான் இரண்டு தடவை வாங்கினேன். மாமா வெளியே கல்லில் உட்கார்ந்து பயறு மென்றார். தோற்காத வைராக்கியம். கேலி செய்ய மனசு வரவில்லை. வாயில் சோறும் இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால் அத்தை அடுக்களையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாளுக்குப் பயறு ஊறுகிறது, கோதுமை துணியில் முளைக்கிறது, இரண்டு தேங்காய் துருவியாகிறது, கேரட் சீவியாகிறது. "அடுப்பை அணைச்சா எனக்கு ஓய்வுன்னு நெனச்சேன் கண்ணு. பத்து நாளா இட்லிக்கு ஆட்டுன நேரத்தைப்போல ரெண்டு பங்கு ஆகுது," என்றார் என்னிடம்.

பதினெட்டாம் நாள் மாமாவுக்கு வயிறு கலங்கியது. பத்தொன்பதாம் நாள் காலில் பலமில்லை. சபதத்தை விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை. இருபதாம் நாள் மத்தியானம் அத்தை ஒரு கிண்ணம் குழைந்த ராகிக் கஞ்சியை மோர் விட்டு மாமா முன்னால் வைத்தார். ஆவி பறந்தது.

"நெருப்புல வெந்ததைத் தொடமாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லியிருக்கேன்," என்றார் மாமா.

"ஏனுங்க, இது இண்டக்‌ஷன் ஸ்டவ்வுல வெச்சது. அதுல நெருப்பு எங்கீங்க இருக்குது?"

மாமா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பக்கமாக இழுத்துக்கொண்டார்.