மாமா பதில்கள்

● சூசா நகரம் எங்கள் ஊரைவிடப் பழசா, மாமா?
(மத்திகிரி வாசகி)

தென்மேற்கு ஈரானில், ஈலாம் மக்களின் தலைநகரம் அம்மா அது. கி.மு. 4200 வாக்கிலேயே ஆட்கள் குடியேறிவிட்டார்கள். ஓசூருக்கு சிப்காட் வந்தது போன நூற்றாண்டின் எழுபதுகளில். கொஞ்சம் லேட்.

● ஈலாம் மன்னர்கள் பெரிய வீரர்களாமே?
(சூளகிரி தக்காளி வியாபாரி)

வீரத்தைவிட வசூல் அதிகம். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஷுத்ருக் நகுந்தே படையெடுத்துப் போய், பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டக் கல்லையே சூசாவுக்குத் தூக்கி வந்தார். தன் பெயரைப் பொறிக்கத்தான் போலும், சில பத்திகளைச் செதுக்கி அழித்தார்கள். இடம் ரெடி. பெயர் மட்டும் ஏறவே இல்லை! நம்மூரில் கல்வெட்டு வந்துவிடும், வேலைதான் நடக்காது. அங்கே தலைகீழ்.

● அந்தக் கல் இப்போதும் சூசாவில்தானே?
(ஜூஜூவாடி லாரி டிரைவர்)

பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில். 1901இல் தோண்டி எடுத்த பிரெஞ்சுக்காரர்கள் ஷா மன்னரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பேப்பர் சரியாக இருந்தால் செக்போஸ்ட்டில் யார் நிறுத்துவார்கள்? உமக்குத் தெரியாததா!

● அந்தக் காலத்தில் காஸ்டிங் எல்லாம் உண்டா?
(ஓசூர் ஃபவுண்டரி, நைட் ஷிஃப்ட்)

ஈலாம் ராணி நபிர்-அசுவின் சிலை: வெளியே செம்பு, உள்ளே வெண்கலம், எடை 1,750 கிலோ. தலை இல்லாமலே! வயது 3,300 ஆண்டுக்கு மேல். சிலையைக் கவர்கிறவன் நாசமாய்ப் போவான் என்று மேலேயே சாபம் பொறித்திருக்கிறார்கள். தலையை யாரோ கொண்டுபோனார்கள், மிச்சத்தை லூவர் கொண்டுபோனது. சாபத்துக்கு வாரன்டி இல்லை.

● சரி, நம்மிடம் என்ன இருந்தது?
(பர்கூர் கல்லூரி மாணவர்)

இரும்பு! உங்கள் தாலுகா மயிலாடும்பாறையில்தான். அகழாய்வு மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் போய், கி.மு. 2172 என்ற விடையோடு திரும்பின. 2022 மே மாதம் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். எகிப்தின் துட்டன்காமுனுக்கு இரும்புக் கத்தி கிடைக்க இன்னும் எண்ணூறு ஆண்டு இருந்தது. அதுவும் விண்கல் இரும்பு. வானத்திலிருந்து விழுந்தால்தான் கத்தி!

● அப்படியானால் நாங்கள்தான் நம்பர் ஒன்?
(அதே மாணவர்)

இருந்தீர்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை, கி.மு. 3345 என்று வந்து நின்றது. பட்டம் மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை தம்பி.

● இரும்பு இருந்தும் நம்மவர்கள் ஏன் ஒரு சூசாவைக் கட்டவில்லை?
(கிருஷ்ணகிரி ஆசிரியை)

கட்டினார்கள் டீச்சர், செத்தவர்களுக்கு. மல்லச்சந்திரம் மலையேறிப் பாருங்கள்: பலகைக் கல்லை நட்டு, மேலே ஒரு மூடுகல். கலவை இல்லை, கம்பி இல்லை, இன்னும் நிற்கிறது. கல்குவாரி லாரி அந்தப் பக்கம் திரும்பாத வரை.

● தமிழும் ஈலாமியமும் சொந்தமாமே?
(தேன்கனிக்கோட்டை புலவர்)

டேவிட் மெக்ஆல்பின் என்ற அமெரிக்கர் 1970களில் பொருத்தம் பார்த்தார். மொழியியலாளர் பலர் இன்னும் தட்டு மாற்றவில்லை.

● ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடுகிறது. சூசாவில்?
(பாகலூர் ரோடு டீக்கடை)

பாரசீக மன்னன் தாரியுஸ் அங்கே அரண்மனை கட்டியபோது பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் என மூன்று மொழியில் எழுதிவைத்தான். வேடிக்கை அதுவல்ல. ஆட்சி பாரசீகர் கைக்குப் போனபிறகும் பெர்செபொலிஸில் ரேஷன் கணக்கெல்லாம் களிமண் பலகையில் ஈலாமியத்திலேயே எழுதப்பட்டது. ராஜாவை மாற்றினார்கள். ஹெட்கிளார்க்கைத் தொடப் பயந்தார்கள்!