வாங்க, போங்க உத்தியோகம்

விருப்ப ஓய்வு தெரியும், கட்டாய ஓய்வும் தெரியும். ஓட்டு எண்ணி முடித்ததும் வரும் ஓய்வு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. கிராம ஊராட்சிகளில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்களைக் கேளுங்கள், தேதி வாரியாகச் சொல்வார்கள். 1989-இல் வந்த தி.மு.க. ஆட்சி வேலை கொடுத்தது; 1991-இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி பறித்தது. 1997-இல் வாங்க, 2001-இல் போங்க. 2006-இல் மறுபடி வாங்க, 2011-இல் மறுபடி போங்க. கடைசித் தடவை வீட்டுக்குப் போனவர்கள் சுமார் 13,500 பேர். நியமன ஆணையும் நீக்க ஆணையும் ஒரே பிளாஸ்டிக் பையில் மடிந்து கிடக்கும். எது மேலே என்பது கோட்டையில் யார் என்பதைப் பொறுத்தது.

2022-இல் இவர்களுக்கு முன்னுரிமை வந்தது. பழைய வேலை அல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர். விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்றார்கள். அனுப்பியபோது விருப்பம் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. வழக்கும் நடந்து, 2023-இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டை ஏற்றது. நாற்பது வயதில் வெளியே போனவருக்கு அழைப்பு வரும்போது ஐம்பத்தொன்று. அப்போது மாத மதிப்பூதியம் 7,500 ரூபாய்.