மொட்டைமாடியில் வடகம் காத்தல்: ஒரு பல்துறை நோக்கு

கோடைக்கால இன்பங்கள் என்பவை கோடைக்காலத்தில் ஏற்படும் இன்பங்களாகும். இந்த வரையறைக்கு வந்து சேர முன்னாய்வாளர் ஓர் இயலைச் செலவிடுவார். தாள் விலை கருதி நாம் ஒரு வரியில் முடித்துக்கொண்டோம். காலம், பங்குனிக் கடைசி தொட்டு முதல் மழை வரை. அதன் உச்சம் கத்திரி, அதாவது பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை பஞ்சாங்கம் குறிக்கும் அக்கினி நட்சத்திரம். இடம், மொட்டைமாடி. அது வாய்க்காதவர்கள் பக்கத்து வீட்டு மொட்டைமாடி என்று கொள்க.

இவ்வின்பங்கள் ஐவகைப்படும். ஏன் ஐந்து என்று கேட்கக் கூடாது. திணை ஐந்து, இலக்கணம் ஐந்து, பெருங்காப்பியம் ஐந்து. நமக்கு மட்டும் ஆறு வந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலாவது நுங்கு. கட்டைவிரலால் நோண்டித் தின்பது. கரண்டி கேட்பவர் இவ்வாய்வின் எல்லைக்குள் வரார். இரண்டாவது மாவடு, அது இன்னும் ஜாடியில் ஊறிக்கொண்டிருப்பதால் தரவுகள் இல்லை. மூன்றாவது, சாயங்காலம் தரையில் தண்ணீர் தெளித்து ஆறவிட்டுப் பாய் விரித்துப் படுப்பது. நான்காவது மாடிக் கிரிக்கெட். தரையில் ஒருமுறை பட்டு எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தாலும் அவுட். பந்தையும் அடித்தவனே போய்க் கேட்டு வாங்கிவர வேண்டும். இந்த விதியைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் இன்னும் ஏற்கவில்லை. அந்த வீட்டு மாமாவிடம் போய்ப் பந்து கேட்ட அனுபவம் அவர்களில் ஒருவருக்கும் இல்லாமையே காரணம்.

ஐந்தாவது வடகம் காத்தல். மேற்சொன்ன நான்கும் இதற்குத் தோற்றுவாயாக வந்தன என்க.

வடகம் இடுதல் வேறு, காத்தல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களால்தான் இத்துறை வளராமல் போயிற்று. இடுவதற்கு விடியுமுன் எழுந்து கூழ் கிண்ட வேண்டும். பச்சரிசி மாவோ ஜவ்வரிசியோ, கட்டிதட்டாமல் வெந்து பளபளத்து வரும்போது அரைத்த பச்சைமிளகாய், உப்பு, சீரகம், பெருங்காயம். இறக்கி வைத்தபின் எலுமிச்சம்பழச் சாறு. பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கால் சுடுமுன் கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றி முடித்தாக வேண்டும். பத்து மணிக்குமேல் விளிம்பு வெளுத்துத் துணியைவிட்டு மெல்ல எழும்பும். நடுப்பகுதி மட்டும் விரல் பட்டால் அமுங்கும். பொழுது சாய்ந்ததும் வேட்டியைக் குப்புறப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். மறுநாள் முறத்தில் இன்னொரு வெயில். (மேலவீட்டுப் பாட்டி, வாய்மொழி.)

இவ்வளவும் முடிந்தபின், இதில் எதையுமே செய்யாத ஒருவனைக் கூப்பிட்டு, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, "காக்கா வராமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவனே காவலன் எனப்படுவான். பெரும்பாலும் முழுப்பரீட்சை எழுதி முடித்தவன். நண்பர்கள் இருவர் மூவரைத் துணைக்கழைப்பதும், தண்ணீர்த் தொட்டி நிழலில் சீட்டுக்கட்டைப் பிரிப்பதும், கழுதை ஆடுவதும் இவனுக்கு உரிய கருப்பொருள்கள். (பாட்டி, மேலது, மாடிப்படியில் நின்று சொன்னது.)

இனி எதிர்த்தரப்பு. வீட்டுக் காகத்துக்கு கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற பெயர் 1817 முதல் நடப்பில் இருக்கிறது. அண்டங்காக்கை வேறு இனம். வடகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கட்சி.

காகத்தை அண்டவிடாதிருக்க நம் முன்னோர் கண்டவை இரண்டு: குச்சியில் கட்டிய கறுப்புத் துணி, நூலில் கோத்த மிளகாய் வற்றல். கறுப்புத் துணிக்கு முதல் ஒரு மணி நேரம் மரியாதை உண்டு. மிளகாயின் நிலை பரிதாபம். காரத்துக்குக் காரணமான காப்சாய்சின் பாலூட்டிகளின் வாயைத்தான் எரிக்கும். பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. காட்டு மிளகாயின் விதைகளைத் தின்று பரப்புபவையே பறவைகள்தாம். ஆகவே வடகத்துக்குப் பக்கத்தில் தொங்கும் மிளகாயை, தொட்டுக்கொள்ள வைத்ததாகவே காகம் எடுத்துக்கொள்ளும்.

விரட்டுபவனின் முகத்தையும் அது மறக்காது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃபும் அவர் குழுவினரும் 2006இல் குகைமனித முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும், ஆண்டுக்கணக்கில், காகங்கள் கூடிக் கத்தின. ஒப்பீட்டுக்காக டிக் செனி முகமூடியும் போட்டுப் பார்த்தார்கள். காகங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்போது செனி அந்நாட்டின் துணை அதிபர். இதை நான் புனையவில்லை. இக்கட்டுரையில் நம்பத் தகாததாகத் தோன்றும் ஒரே செய்தி இதுதான் என்பதையும், இது உண்மை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

இலக்கியச் சான்று இல்லாமல் ஆய்வு நிற்காது. சங்கப் புலவர் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற அடைமொழி காக்கையைப் பாடியதால் வந்தது. விருந்து வருமென்று கரைந்த காக்கைக்கு நெய்ச்சோற்றை ஏழு கலத்தில் வைத்தாலும் சிறிதே என்று குறுந்தொகை 210ஆம் பாட்டில் தோழி சொல்கிறாள். யாப்பிலக்கணம் செய்த காக்கைபாடினியார் ஒருவர் உண்டு. சிறுகாக்கைபாடினியார் என்றும் ஒருவர் உண்டு. யார் யார், எத்தனை பேர் என்ற வழக்குக்கு எத்தனையோ மை செலவாகியிருக்கிறது. காக்கை எத்தனை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நம் கேள்வி வேறு. காக்கையை இவ்வளவு கூர்ந்து கவனிக்க அந்தத் தோழிக்கு நேரம் எப்படி வாய்த்தது? காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். எதைக் காத்தாள்? காயப்போட்டதை. காயப்போட்டது எது? இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சங்க காலத்தில் வடகம் இருந்தது. மறுப்போர், இல்லை என்பதற்குச் சான்று காட்டட்டும். அதில் பச்சைமிளகாய் கிடையாது, ஜவ்வரிசியும் கிடையாது. மிளகாயும், ஜவ்வரிசி எடுக்கும் மரவள்ளியும், வாஸ்கோடகாமா வந்ததற்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே இறங்கியவை. இவ்விரண்டு வரிகள் மட்டும் உண்மையாக இருப்பதால் முந்தைய வரிகளும் உண்மையாகிவிடும் என்பது நம் துறையில் நெடுங்காலமாக நடந்துவரும் முறை. உலகின் முதல் வடகம் தமிழ் வடகமே என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பகிர்வதற்கு ஆளும் தயார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே நச்செள்ளையாருக்குப் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்துக்காக ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்று பதிகம் சொல்கிறது. இன்றைய ஆய்வாளர் தன் கட்டுரை அச்சேறத் தானே பணம் கட்டுகிறார். அதைப் பன்னாட்டுக் கருத்தரங்கில் படிக்கவும் தனியாகக் கட்டுகிறார். பன்னாட்டு என்பது, விடுமுறைக்கு ஊர் வந்த ஒருவர் மேடையில் அமர்ந்திருப்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவையில் எஞ்சுவது தலைவரும், அவருக்கு நன்றி சொல்ல வேண்டியவரும்.

மையப் பொருளுக்கு வருவோம். மாலையில் வேட்டியைத் திருப்பும்போது எண்ணிக்கை குறைகிறது. நேற்றுவரை இக்குறைவு முழுவதும் காகத்தின் கணக்கில் எழுதப்பட்டு வந்தது. இது தவறு. காகம் கொத்திய இடத்தில் சிதறலும் கிழிசலும் நகக்கீறலும் கிடக்கும். மாடிக் கதவை ஒட்டிய மூலையில் மட்டும், முழு வட்டமாக, விளிம்பு பிசகாமல் வடகம் காணாமல் போயிருந்தால், அது கட்டைவிரல் உள்ள உயிரினத்தின் வேலை. விளிம்பு மொறுமொறுத்து, நடுவில் கூழ் இன்னும் குழைவாக, எலுமிச்சையும் பெருங்காயமும் வெயிலில் ஏறி நிற்கும் அரைக்காய்ச்சல் வடகத்தைக் காகம் அறியாது. அதற்கு முழு வடகமும் ஒன்று, அரை வடகமும் ஒன்று. நேரம் பார்த்து எடுப்பவன், நிழலில் உட்கார்ந்திருப்பவன்.

இக்கருதுகோளுக்கு ஆதரவு வலுவானது. (பாட்டி, 'பொறுப்பில்லாப் பிள்ளைகள் வரலாறு', முதற்பகுதி மாடியில், இரண்டாம் பகுதி சமையலறையிலிருந்து, தாளிக்கும் ஓசையால் சில இடங்கள் சிதைந்துள்ளன.) மறுப்பும் உண்டு. (கீழவீட்டு அத்தை, 'என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்', குழாயடிப் பதிப்பு, குடம் நிரம்பியதால் பாதியில் நின்றது, பாடவேறுபாடுகளுக்கு மருமகளின் பதிப்பைக் காண்க, இரண்டையும் ஒருசேர மேற்கோள் காட்டினால் அந்த வீட்டில் காபி கிடைக்காது.) இரு தரப்பையும் சீர்தூக்கிய நடுநிலையாளர் ஒருவரே. (வீட்டுத் தாத்தா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'ம்' என்றது, இந்த 'ம்' உடன்பாடா வினாவா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர், அவர் சட்டைப்பையில் காணப்பட்ட எண்ணெய்ப்பசையற்ற, வட்டவடிவப் பொருள் குறித்துத் தனிக்கட்டுரை எழுதப்படும்.)

அடுத்த கட்டக் களஆய்வு கத்திரி முடிவதற்குள் நடந்தாக வேண்டும். நல்கைக் குழு பணம் தராது என்பதால் வாசகர்களையே நம்பியிருக்கிறோம். அவரவர் மாடியிலிருந்து மாதிரிகளைப் பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் எடுத்து, வேட்டித் துணியோடு, சூடு ஆறுமுன் கொடுத்தனுப்புங்கள். முழுக்கக் காய்ந்தவை ஏற்கப்படா.